மூன்று நாள் காயட்டும்

நனைந்துபோன சாமானை அரிசிக்குள் புதைத்து வைப்பதைப் போல வெட்டி வேலை வேறு கிடையாது. பதினெட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. போன் வாளிக்குள் விழுந்தால் அரிசி, ரிமோட்டில் காப்பி கொட்டினால் அரிசி. இரண்டு நாள் கழித்து என்னிடம் எடுத்துக்கொண்டு வருவார்கள். திறந்தால் உள்ளே பத்துப் பதினைந்து அரிசியும் சிக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் தானாகவே போய்விடும், சார். அது போகும்போது விட்டுவிட்டுப் போகிற உப்புதான் உள்ளேயிருக்கும் சர்க்யூட் பலகையை அரிக்கும். அதைத் திறந்து, ஸ்பிரிட் விட்டுக் கழுவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அரிசிக்கு அந்த வேலை தெரியாது.

நீங்கள் எங்கள் வீட்டு ரவுட்டரைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள், அதனால் நானும் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மேசைமேல் பைக்குள் போட்டு முத்திரை வைத்திருக்கிறீர்களே, அதேதான். இன்டர்நெட் கம்பெனிக்காரன் கொடுத்த சாதாரண வெள்ளைப் பெட்டி, இரண்டு கொம்பு. இப்போது கரண்ட் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் எல்லா விளக்கும் எரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் ஆள் அதைப் பிரித்துப் பார்த்து எழுதிய அறிக்கையை நீங்கள் வாசித்தபோது, சுத்தம் செய்த வேலை மிகவும் நேர்த்தி என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லலாமா என்று இருந்தது. இடம் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அறிக்கையில் அடுத்து வந்த வரிக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

அப்பா ஒரு நட்டு போல்ட்டுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவராக இருந்தார். முப்பத்தோரு வருடம். காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் தட்டில் வருகிற போல்ட்டுகளைச் சந்தேகப்படுவதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். நல்லது என்று நினைத்து ஒன்றைக் கையில் எடுக்கக் கூடாது, கெட்டது என்று நினைத்து எடுத்து நல்லது என்று தெரிந்த பிறகு கீழே வைக்க வேண்டும் என்பார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த மதிப்பெண் அட்டையை நீட்டினால், எத்தனை வாங்கியிருக்கிறேன் என்று பார்ப்பதற்கு முன்னால், எண்ணைத் திருத்தியிருக்கிறேனா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நான் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. என் தங்கையின் அட்டையை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததே இல்லை. அவள் இரண்டு தடவை திருத்தியிருந்தாள்.

தங்கைக்கு இப்போது நாற்பத்தோரு வயது. அப்பாவுக்கு இன்னமும் பாப்பாதான். கடல் தாண்டி ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இங்கே நமக்கு மதியச் சாப்பாடு என்றால் அவளுக்கு விடியவில்லை. பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து இது சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற வேலை. அப்பாவின் வாரிசு யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். அதனால் யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. என் ரிப்பேர் கடையை மூடிவிட்டு வேலை மேசையைத் தூக்கிக்கொண்டுவந்து அப்பாவின் அறையிலேயே, அவர் கட்டிலுக்குக் காலடியில் போட்டுக்கொண்டேன். ரிப்பேருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஒரு கையில் சால்டரிங் கம்பி, மறு கையில் அப்பாவுக்குக் கரண்டி. இப்படியே நான்கு வருடம் ஓடியது, நான் ஒரு நாள் முகம் சுளித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குச் சாட்சி இருக்கிறது. பதிவே இருக்கிறது.

அப்பாவுக்கு விழுங்குவதில் சிரமம். தண்ணீரை அப்படியே கொடுத்தால் புரையேறிவிடும். ஒரு மாவு கலந்து கொஞ்சம் கெட்டியாக்கி, மணிக்கொரு தடவை கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். அவரால் தானாக ஒரு சொட்டு எடுத்துக் குடிக்க முடியாது. திங்கள், வியாழன் இரண்டு நாளும் நர்ஸ் அக்கா வந்து புண் கிண் வந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர்தான் அப்பாவுக்குத் தட்டச் சொல்லிக்கொடுத்தார். இடது கையால் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினால் தண்ணீர், மூன்று தட்டினால் துணி மாற்ற வேண்டும். அப்பா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்.

கேமராவைத் தங்கைதான் வாங்கி அனுப்பினாள். சுவரில் மாட்டியது நான். கட்டிலுக்கு எதிரே, என் மேசைக்கு மேலே. இன்டர்நெட்டோடு ஒட்டியிருக்கும் வரைக்கும் சின்னதாகப் பச்சை விளக்கு எரியும். அவள் போனில் பார்க்கலாம், பேசவும் பேசலாம். முதல் மாதம் பார்க்க மட்டும் செய்தாள், இரண்டாவது மாதத்திலிருந்து சுவர் பேச ஆரம்பித்தது.

"அண்ணா, அந்தத் துண்டு நேத்துப் போட்டதுதானே?"

"அண்ணா, கரண்டி கீழ விழுந்துச்சே. கழுவினியா?"

கழுவியிருப்பேன். அவள் கேட்பதற்கு முன்பே கழுவியிருப்பேன். இருந்தாலும் ஈரக் கரண்டியைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டுவேன், அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சரி என்பாள். மணிக்கொரு தடவை கொடுத்த தண்ணீருக்குத் தாளில் டிக் போட்டு, தாளை ராத்திரிக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பதினோரு நிமிடம் தாமதமானால் ஏன் பதினோரு நிமிடம் என்று கேட்பாள். ஒரு நாள் கேமராவின் கண்ணுக்கு எட்டாத மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். மனிதன் வாயைத் திறந்து மூடுவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு இறங்காது, சார். ஐந்து நிமிடம்தான் இருக்கும். கதவு தட்டும் சத்தம். மாடிவீட்டு அக்கா நின்றார். அண்ணனைக் காணோம், என்னவென்று பாருங்கள் என்று தங்கை அவருக்குப் போன் செய்திருக்கிறாள். கையில் சோற்றுப் பருக்கையோடு நான் போய்க் கதவைத் திறந்தேன்.

இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் அப்படிப் பிறந்தவள். அப்பாவின் விஷயம்தான் வேறு.

போன வருடம் எப்போதோ அது ஆரம்பித்தது. நான் கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். அப்பா உடனே வாயைத் திறக்க மாட்டார். முதலில் எனக்குப் பின்னால், சுவரைப் பார்ப்பார். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால் வாய் திறக்கும். தங்கை அந்த நேரத்தில் லைனில் இருந்து "குடிங்கப்பா" என்று சொல்லிவிட்டால் கோணிய உதட்டோடு ஒரு சிரிப்பும் வரும். ஒவ்வொரு கரண்டிக்கும் இப்படித்தான். ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு கரண்டி இருக்கும். நான்கு வருடமாக அவர் மலத்தைத் துடைத்த கை கொடுக்கிற தண்ணீரை, மேலே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அவர் விழுங்கினார்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. விளக்கு அணைந்துவிட்டது. நான் கரண்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார். இருபது நிமிடம் அப்படியே நின்றேன். கரண்ட் வந்தது, ரவுட்டர் உயிர் பெற்றது, கேமரா விளக்கு எரிந்தது, வாய் திறந்தது. அந்தக் கரண்டியை அவர் வாய்க்குள் வைக்கும்போது என் கை ஆடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மனசு விட்டுப்போயிற்று. அதை மறைக்க மாட்டேன்.

இனி அந்தத் திங்கட்கிழமை. நர்ஸ் அக்கா பத்து மணிக்குப் புறப்பட்டார். அப்பா நன்றாக இருக்கிறார், தோலில் ஒரு கீறல் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் டம்ளரில் தண்ணீர் கலந்து முதல் கரண்டியை எடுத்தேன். அவர் சுவரைப் பார்த்தார். நான் கரண்டியை டம்ளருக்குள் போட்டுவிட்டு எழுந்தேன். அன்றைக்குக் கேமராவின் கடைசிப் படம் அதுதான் என்று சொன்னீர்கள். அப்பா வாயைத் திறந்தபடி இருக்கிறார், நான் டம்ளரோடு படத்தைவிட்டு வெளியே போகிறேன்.

ரவுட்டரில் தண்ணீர் கொட்டிவிட்டது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய் இல்லை. எனக்குப் பொய் வராது. கொட்டியது உண்மை. எப்படிக் கொட்டியது என்று நீங்கள் அன்றைக்குக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் ஆள் எழுதியிருந்தார் அல்லவா, ஓடிக்கொண்டிருக்கும்போது நனைந்த பலகையில் எங்கேயாவது ஒரு இடம் கருகியிருக்கும், இதில் ஒரு புள்ளிகூடக் கருகவில்லை, அணைத்துவிட்டு நனைத்ததுபோல் இருக்கிறது என்று. அவர் கெட்டிக்காரர். நான் முதலில் சுவிட்சை அணைத்தேன், ஒயரைப் பிடுங்கினேன், அதற்குப் பிறகுதான் ஊற்றினேன். தண்ணீர் மட்டும் எந்தப் பலகையையும் உடனே கொல்லாது, தண்ணீரோடு கரண்டும் சேர்ந்தால்தான் கொல்லும். ஓடுகிற ஒரு சாமான்மேல் தண்ணீர் ஊற்ற இந்தக் கை வராது. தொழில் பழக்கம். வேறு யாராவது செய்திருந்தால் நேரே ஊற்றியிருப்பார்கள், உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்காது.

சும்மா ஒயரைப் பிடுங்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். தங்கையிடம் என்ன சொல்வது? நனைந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் அது நனைந்திருக்க வேண்டும். அவள் படம் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

கேட்டாள். எங்கள் வீடு சந்துக்குள் கடைசி வீடு, இரண்டு பக்கமும் உயரமான கட்டடம். கீழ்த்தளத்துக்குள் போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் வராது, வைஃபை இல்லையென்றால் தெருமுனைக்குத்தான் போக வேண்டும். தெருமுனையில் நின்று அவளுக்கு நானே போன் செய்தேன். எப்படிக் கொட்டியது, எங்கே வைத்திருந்தாய், எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் கேட்டாள். டம்ளர் தண்ணீர் என்றேன். படம் அனுப்பச் சொன்னாள். பலகையில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதை மூடி கழற்றி முன்பே எடுத்து வைத்திருந்தேன், அந்தப் படத்தை அனுப்பினேன்.

"எத்தனை நாள் ஆகும்ணா?"

"மூணு நாள் காயணும். அதுக்கு முன்னாடி கரண்ட் குடுத்தா போர்டு போயிடும்."

"புதுசு ஒண்ணு வாங்கிடலாமா?"

"எதுக்கு? இது சரியாயிடும்."

"சரிண்ணா. உனக்குத் தெரியும்" என்றாள்.

நான்கு வருடத்தில், நான்கு என்ன, பிறந்ததிலிருந்தே அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. உனக்குத் தெரியும். என் துண்டைச் சந்தேகப்பட்டாள், கரண்டியைச் சந்தேகப்பட்டாள், ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சந்தேகப்பட்டாள். என் தொழிலை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சார். சந்தோஷத்தில்தான்.

மூன்று நாள் என்பது திறக்கத் தெரியாதவர்களுக்கு. எனக்கு மூன்று மணி நேரம் போதும். அது அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் அப்பாவிடம்தான் போனேன். என் எண்ணம் ரொம்பச் சாதாரணமானது. இப்போது சுவரில் விளக்கு இல்லை, மேலே யாரும் இல்லை, வீட்டில் இருப்பது நான் ஒருத்தன்தான். தாகம் எடுத்தால் என்னைத்தான் பார்க்க வேண்டும். என்னைப் பார்த்து, என் கையை நம்பி, ஒரு வாய் வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரு மகன் அப்பாவிடம் கேட்கக் கூடாத ஆசையா இது? புதிதாகத் தண்ணீர் கலந்து கரண்டியை நீட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்ததும் உதட்டை மூடிக்கொண்டார். சரி, அவசரமில்லை என்று கரண்டியை வைத்துவிட்டு ரவுட்டரைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

மத்தியானம் ஒரு தடவை நீட்டினேன். சுவரைத்தான் பார்த்தார். சாயந்தரம் இன்னொரு தடவை. அப்போது சுவரைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. நிச்சயமாகத் தெரியாததை நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். கரண்டியை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நானாக நீட்டவில்லை, தண்ணீரும் சரி, கஞ்சியும் சரி.

மற்ற எதிலும் குறை வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் உடம்பு துடைத்தேன், சவரம் செய்தேன், விரிப்பு மாற்றினேன். விரிப்பு மாற்ற அவசியமே இருக்கவில்லை, நனையவே இல்லை. துணி மாற்றுகிற வேலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. தண்ணீர் கொடுத்ததற்கு டிக் போடுகிற தாளை நர்ஸ் அக்கா எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறார். திங்கள் பத்து மணிக்குப் பிறகு எல்லாக் கட்டமும் காலி. நான் நினைத்திருந்தால் எல்லாவற்றிலும் டிக் போட்டிருக்கலாம். போடவில்லை. கொடுக்காததைக் கொடுத்தேன் என்று எழுதுகிறவன் இல்லை நான்.

செவ்வாய்க்கிழமை நாலு மணி வாக்கில் ரவுட்டர் தயாராகிவிட்டது. உண்மையில் திங்கட்கிழமையே தயாராகியிருக்கும், நான்தான் ஆற அமரச் செய்தேன். எங்கள் குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதுபோக நான் ஊற்றியதில் மாவும் கலந்திருந்தது, சிப்புகளின் காலுக்கிடையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலாகத் தேய்த்து எடுத்தேன். அப்பா கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். டக் டக். கொஞ்சம் விட்டு டக் டக். வேலை செய்யும்போது சத்தம் கேட்டால் எனக்குக் கவனம் சிதறும், அதனால் ரேடியோவைப் போட்டுக்கொண்டேன்.

பிறகு நான் செய்ததுதான் நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம். அதற்காக நான் வருத்தப்படவில்லை. ரிப்பேர் செய்த சாமானைப் போட்டுப் பார்க்காமல் மேசையைவிட்டு எழுந்து என்னால் போக முடியாது. பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் போனதில்லை. வேலை செய்யுமா செய்யாதா என்று தெரியாமல் மூடி வைத்த பெட்டியோடு இன்னும் இரண்டு நாள் ஒரே அறையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஒயரைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். முதல் விளக்கு எரிந்தது, இரண்டாவது மினுக்கியது, நின்றது, மூன்றாவது எரிந்தது. எல்லாம் சுத்தமாக வந்தது. அந்தச் சில நிமிடம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

கேமரா எப்போதும் கரண்டில்தான் இருந்தது. அதை நான் மறந்துவிட்டேன். ரவுட்டர் வந்ததும் அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. மொத்தம் நாலு நிமிடம் என்று சொன்னீர்கள், இருக்கலாம். அந்த நாலு நிமிடமும் படமாகத் தங்கையின் கேமரா கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அதை அப்போது பார்க்கவில்லை. கேமரா விழித்தால் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தவள், மூன்று நாள் ஆகும் என்று அண்ணன் சொல்லிவிட்டானே என்று அந்த மணியை நிறுத்தி வைத்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளிக்கிழமை, இங்கே வந்து இறங்கி அப்பாவின் பழைய படங்களைத் தேடும்போது கண்ணில் பட்டிருக்கிறது. என்னை நம்பியது தப்பு என்று இப்போது சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. நான் பழுதுபார்த்த பெட்டி நன்றாக வேலை செய்தது, அதில் அவள் நம்பிக்கை பொய்க்கவில்லை.

புதன்கிழமை மாடிவீட்டு அக்கா வந்தார். ரவுட்டர் விஷயத்தில் நம்பினாலும், அப்பா விஷயத்தில் தங்கையால் அவ்வளவு தூரம் நம்ப முடியவில்லை, போன் செய்து அக்காவை அனுப்பியிருக்கிறாள். கதவோரம் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார். அறை சுத்தமாக இருந்தது, அப்பா சுத்தமாக இருந்தார். டக் டக் என்று மெதுவாகச் சத்தம் வந்தது, முதல் நாள் அளவுக்கு இல்லை.

"அது என்னப்பா சத்தம்?" என்று கேட்டார்.

"தண்ணி வேணும்னா அப்படித் தட்டுவாருக்கா."

"குடுக்கலையா?"

"குடுக்கணும்" என்றேன்.

பாருங்கள், கொடுத்தேன் என்று சொல்லவில்லை. அவர் நம்பிக்கையோடு மேலே போய், உங்க அண்ணன் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று தங்கைக்குச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

அன்றைக்குச் சாயந்தரம் அப்பா சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். நான் மேசையில் உட்கார்ந்தால் கண் மேசைக்கு வரும், சமையலறைக்கு நடந்தால் வாசற்படி வரைக்கும் கூடவே வரும். உதடு வெடித்திருந்தது. கண்ணில் நீர் இல்லை. கை கம்பிமேல் இருந்தது, விரல் மட்டும் எழுந்து எழுந்து விழுந்தது, சத்தம் வரவில்லை. வாதம் அடித்தவர்களின் கண் எங்கே போகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு பழைய ரிமோட் கிடந்தது, நான் அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை நர்ஸ் அக்கா வந்தபோது அப்பா போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் அழவில்லை. அப்பாவின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். கையின் தோலைக் கிள்ளித் தூக்கி, அது அப்படியே நிற்பதைப் பார்த்தார். டம்ளருக்குள் இருந்த கரண்டியை எடுத்து விரலால் தடவினார், மாவு காய்ந்து பொருக்காகியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. நான் ரவுட்டரை மாட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு மூன்று நாள் முடிந்திருந்தது, சொன்ன வாக்குப்படி தங்கைக்கு லைன் கொடுக்க வேண்டும் அல்லவா.

நேற்று அந்த நாலு நிமிடத்தைப் போட்டுக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. நான் கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ரவுட்டரைப் பார்த்துச் சிரிக்கிறேன். அப்பா தலையைத் திருப்புகிறார். பச்சை விளக்கு எரிவதைப் பார்க்கிறார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பல வருடம் பார்த்ததில்லை. "பாப்பா" என்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு, "தண்ணி" என்கிறார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். நான் திரும்பி அவரைப் பார்க்கிறேன். பிறகு கேமராவைப் பார்க்கிறேன். "காயட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்குகிறேன், படம் அதோடு நின்றுவிடுகிறது. நான் ரவுட்டரைத்தான் சொன்னேன் என்று நேற்றுச் சொன்னேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். ரவுட்டரை அணைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியது நான், மூன்று மணி நேர வேலையை மூன்று நாள் என்று சொன்னது நான், நன்றாக ஓடிய ரவுட்டரைப் பிடுங்கிப் போட்டது நான், அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த டம்ளரைத் தொடாமல் அதே அறையில் உட்கார்ந்திருந்தது நான். யாரும் தூண்டவில்லை, எனக்குப் புத்தி கலங்கவும் இல்லை. நீங்கள் எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். இரண்டாவது பக்கத்தில், தகப்பனார் தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அவர் கேட்டது கேமராவிடம். அந்த மூன்று நாளில் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், நான் கொடுத்திருப்பேன்.